அறிக்கையின் கடைசியில் இருக்கும் அந்தக் கடிதம்: நிலைத்தன்மை அறிக்கை அஷ்யூரன்ஸ் பற்றிச் சில கேள்விகள்

சுற்றுச்சூழல், ஊழியர் நலன் போன்ற விவரங்களை நிறுவனங்கள் வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கைகளை வெளியாளாக இருந்து சரிபார்ப்பது என் வேலை. அந்தச் சரிபார்ப்புக்குப் பெயர்தான் அஷ்யூரன்ஸ்; அதன் முடிவு ஒரு கடிதமாக அறிக்கையின் கடைசியில் வரும். இது தெரிந்தவர்கள் கேட்ட கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்களிடம் ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் இருக்கிறது. அப்புறம் அறிக்கைக்குத் தனியாக ஏன் அஷ்யூரன்ஸ்?

இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். சுற்றுச்சூழல் விஷயங்களைக் கவனிக்க உங்களிடம் ஒரு நிர்வாக முறை இருக்கிறதா, அது நடைமுறையில் ஓடுகிறதா என்பதை 14001 பார்க்கிறது. அறிக்கையில் நீங்கள் போட்ட உமிழ்வு எண் (எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியேறியது என்ற கணக்கு) சரியா என்று அது பார்ப்பதில்லை. ஓட்டுநர் உரிமம் இருப்பதாலேயே வண்டியின் வேகமானி சரியாகக் காட்டுகிறது என்று ஆகிவிடாது, இல்லையா?

இன்னொன்று. 'ஐஎஸ்ஓ எங்களுக்குச் சான்றளித்தது' என்று எழுதாதீர்கள். ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பு தரநிலைகளை எழுதுவதோடு சரி, யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

சரிபார்ப்பவர் தகுதியானவர் என்று யார் சொல்வது? அங்கீகாரம் என்பது என்ன?

அடுக்கடுக்காக யோசித்தால் எளிது. கீழே நிறுவனம் அறிக்கை எழுதுகிறது. அதற்கு மேலே ஒரு சரிபார்ப்பு அமைப்பு அந்த அறிக்கையைச் சோதிக்கிறது. அதற்கும் மேலே, அந்தச் சரிபார்ப்பு அமைப்பையே சோதிப்பது அங்கீகார அமைப்பு. பெரும்பாலும் நாட்டுக்கு ஒன்று இருக்கும்.

சரிபார்ப்பு அமைப்புகளுக்கான பொது விதிகள் ஐஎஸ்ஓ/ஐஇசி 17029-இல் இருக்கின்றன. சுற்றுச்சூழல் தகவல் என்று வரும்போது கூடவே ஐஎஸ்ஓ 14065 வரும். அங்கீகார அமைப்புக்கும் ஒரு விதிப்புத்தகம் உண்டு, ஐஎஸ்ஓ/ஐஇசி 17011. அதன்படி ஒரு அங்கீகாரச் சுற்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. இடையிலும் மதிப்பீடு உண்டு.

இது காகிதச் சோதனை மட்டுமல்ல. நான் ஒரு ஆலையில் டீசல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அங்கீகார அமைப்பிலிருந்து வந்தவர் மூலையில் உட்கார்ந்து நான் என்ன கேட்கிறேன், எதைக் கேட்காமல் விடுகிறேன் என்று குறிப்பெடுப்பார். ஒருமுறை மாலையில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த மூன்று கிளைகளை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" பதில் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

நீங்கள் கவனிக்க வேண்டியது, அங்கீகாரம் எந்தப் பணிக்கு என்பதை. பசுங்குடில் வாயுக் கணக்குக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு, ஊழியர் பாதுகாப்பு எண்களுக்கும் அதே முத்திரையைக் காட்ட முடியாது. அங்கீகார அமைப்பின் இணையப் பட்டியலில் ஒவ்வொரு சரிபார்ப்பாளரின் வரம்பும் எழுதப்பட்டிருக்கும். ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே அதைத் திறந்து பாருங்கள்.

'லிமிடெட்', 'ரீசனபிள்' என்று இரண்டு வகை சொல்கிறார்கள். லிமிடெட் என்றால் பாதி அறிக்கையை மட்டும் பார்த்தார்கள் என்று பொருளா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது, பெயர் அப்படி. எவ்வளவு பக்கம் பார்த்தார்கள் என்பது வேறு, எவ்வளவு ஆழமாகப் பார்த்தார்கள் என்பது வேறு. லிமிடெட், ரீசனபிள் இரண்டும் ஆழத்தைச் சொல்கின்றன.

லிமிடெட் வகையில் பெரும்பாலும் விசாரிப்பார்கள், எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பொருந்தாத இடத்தில் தோண்டுவார்கள். ரீசனபிள் வகையில் மாதிரி அதிகம், ஆதாரம் அதிகம். உள்கட்டுப்பாடுகளையும் சோதிக்க வேண்டியிருக்கும். செலவும் அதற்கேற்ப ஏறும்.

முடிவு வாசகத்தைப் படித்தாலே எது என்று தெரிந்துவிடும். லிமிடெட் கடிதம் சுற்றி வளைத்துப் பேசும்: 'முக்கியமான பிழை இருப்பதாக எண்ணவைக்கும் எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை'. ரீசனபிள் கடிதம் நேராகச் சொல்லும்: 'எங்கள் கருத்தில், எல்லா முக்கிய அம்சங்களிலும் இந்தத் தகவல் உரிய அளவுகோலின்படி தயாரிக்கப்பட்டுள்ளது'. முதலாவதைப் பெற்றுக்கொண்டு 'எங்கள் எண்கள் சரி என்று தணிக்கையாளர் உறுதி செய்தார்' என்று செய்திக்குறிப்பு விடுகிறார்கள் பாருங்கள், அது அந்தக் கடிதம் சொல்லாத விஷயம்.

கணக்குத் தணிக்கை நிறுவனத்தைப் பிடிப்பதா, பொறியாளர்கள் இருக்கும் சரிபார்ப்பு அமைப்பைப் பிடிப்பதா?

இரண்டு பாரம்பரியங்கள் பக்கம் பக்கமாக வளர்ந்திருக்கின்றன. கணக்காளர்கள் ஐஎஸ்ஏஇ 3000 என்ற பொதுவான அஷ்யூரன்ஸ் தரநிலை, உமிழ்வுக்கென்றே வந்த ஐஎஸ்ஏஇ 3410 ஆகியவற்றைப் பின்பற்றினார்கள். பொறியாளர்கள் பக்கம், பசுங்குடில் வாயுக் கணக்கைச் சரிபார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 14064-3. இப்போது சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகளை எழுதும் வாரியமான ஐஏஏஎஸ்பி 2024 நவம்பரில் நிலைத்தன்மை அஷ்யூரன்ஸுக்கென்றே ஐஎஸ்எஸ்ஏ 5000 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. 2026 டிசம்பர் 15 அல்லது அதற்குப் பிறகு தொடங்கும் அறிக்கைக் காலங்களுக்கு அது பொருந்தும். கணக்காளர் அல்லாதவரும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் கணக்காளர்களுக்கு இருக்கும் நெறிமுறைக்கும் தர மேலாண்மை விதிகளுக்கும் குறையாத கட்டுப்பாடு அவருக்கும் இருக்க வேண்டும்.

நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 சிஎஸ்ஆர்டி சட்டம் கணக்குத் தணிக்கையாளர் அல்லாதவர்களை அனுமதிக்கும் முடிவை உறுப்பு நாடுகளிடமே விட்டது. அனுமதித்தால் அவர்களுக்கு அங்கீகாரம் கட்டாயம். லிமிடெட்டில் தொடங்கிப் பிறகு ரீசனபிளுக்குப் போகலாம் என்ற திட்டமும் அதில் இருந்தது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த திருத்தம் அந்த இரண்டாம் படியைக் கைவிடச் சொன்னது.

என் சொந்த அபிப்பிராயம்: உலை, கொதிகலன், ரசாயனச் செயல்முறை என்று உமிழ்வுக் கணக்கு சிக்கலாக இருந்தால் குழுவில் பொறியாளர் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பலகையில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்பது அப்புறம்.

அறிக்கை எழுதித் தரும் ஆலோசகரே அஷ்யூரன்ஸும் குறைந்த செலவில் செய்து தருவதாகச் சொல்கிறார்.

வேண்டாம். தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற கதை அது. அவருடைய 'சகோதர நிறுவனம்' செய்யும் என்றாலும் முதலில் உரிமையாளர் யார் என்று பாருங்கள்.

சரிபார்ப்பவர்கள் முதல் முறையாக வருகிறார்கள். எதைத் தயாராக வைக்க வேண்டும்?

ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு காகிதம். மின்கட்டண ரசீது, எரிபொருள் ரசீது, எடைச்சீட்டு, சம்பளப் பதிவேடு, எதுவானாலும் சரி. எக்செல் தாளை மட்டும் நீட்டினால் 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

பெரிய தவறுகள் சாதாரணமான இடங்களில்தான் ஒளிந்திருக்கும். பத்துக் கிளைகள் மின்சாரத்தைக் கிலோவாட் மணியில் அனுப்பியிருக்கும், ஒன்று மட்டும் மெகாவாட் மணியில். ஆயிரம் மடங்கு வித்தியாசம், கூட்டுத்தொகையில் அமைதியாகப் படுத்திருக்கும்.

நான் மறக்காத ஒன்று ஏசி கேஸ். ஓர் ஆலையின் தாளில் குளிரூட்டிக் கசிவு 'பூஜ்யம்' என்று இருந்தது. பராமரிப்பு அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சுவரில் ஆணியில் மாட்டியிருந்த சீட்டுகளைப் புரட்டினேன். அந்த ஆண்டில் ஆர்-410ஏ வாயு நிரப்பியதற்கு மூன்று சீட்டுகள். நிரப்பினார்கள் என்றால் முன்பு இருந்தது எங்கோ போயிருக்க வேண்டும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் நான்காம் மதிப்பீட்டு அறிக்கைக் கணக்கில் அந்த வாயு ஒரு கிலோவுக்கு 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பத்து கிலோ கசிந்தால் ஏறக்குறைய 21 டன்; சுமார் 7,700 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம். யாரும் மறைக்கவில்லை. அறிக்கை எழுதியவருக்கும் பராமரிப்புக்காரருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை, அவ்வளவுதான். ஆகவே வருவதற்கு முன் ஒரு நாள் நீங்களே பராமரிப்பு அறைக்குப் போய்வாருங்கள்.

2040-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்ற எங்கள் இலக்கைச் சரிபார்த்துத் தருவீர்களா?

நடக்காததைச் சரிபார்க்க முடியாது. நடந்து முடிந்த எண்களைப் பார்ப்பது சரிபார்ப்பு. வருங்காலக் கணிப்பின் அனுமானங்கள் நியாயமானவையா என்று பார்ப்பது வேறு பணி. ஐஎஸ்ஓ அதைச் செல்லுபடி ஆய்வு என்று தனியே பிரிக்கிறது. அதைச் செய்தாலும், இலக்கை அடைவீர்கள் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

நான் ஒரு சிறு முதலீட்டாளர். கடிதத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் எந்தெந்த எண்களுக்கு என்ற பட்டியல். நூற்றுச் சொச்சம் பக்க அறிக்கையில் நான்கே எண்களுக்கு அஷ்யூரன்ஸ் இருப்பது சகஜம். ஸ்கோப் 1 (நிறுவனத்தின் சொந்த உமிழ்வு), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரம் போன்றவற்றின் உமிழ்வு) இருக்கும். மற்ற மறைமுக உமிழ்வுகளான, 15 வகைகள் கொண்ட ஸ்கோப் 3-இல் வணிகப் பயணம் மட்டும் இருக்கும். அப்புறம் எந்த அளவுகோல், எந்தத் தரநிலை, லிமிடெட்டா ரீசனபிளா. 'இன்ன விஷயத்தைத் தவிர' என்று விலக்குச் சொல்லும் பத்தி இருந்தால் நிதானமாகப் படியுங்கள். அப்படி ஒரு பத்தியை மறைக்காமல் அச்சிடும் நிறுவனத்தின் மீது எனக்கு மரியாதை கொஞ்சம் கூடவே வரும்.

கடைசியாக, சென்ற ஆண்டுக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது பட்டியலில் இருந்த ஓர் எண் இப்போது சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தால், பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.