ஆர்தர் நாவல்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரிட்டனின் பழங்கதை மன்னர் "ஆர்தர் நிஜமாகவே இருந்தாரா?" என்று கேட்காதீர்கள். இன்று பேச்சு நாவல்களைப் பற்றித்தான்.

கே: அக்கா, எனக்கு ஆர்தர் கதையே தெரியாது. எதில் ஆரம்பிப்பது?

டி.எச். ஒயிட்டின் 'தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் கிங்', 1958 தொகுப்பு. அதன் முதல் பாகம் 1938-லேயே தனி நூலாக வந்தது. இரண்டும் ஒன்றென்று நினைத்து வாங்கி ஏமாறாதீர்கள். தனி நூலில் மேடம் மிம் என்ற சூனியக்காரியோடு ஆர்தரின் குருவான மந்திரவாதி மெர்லின் மோதும் மந்திரச் சண்டை உண்டு, தொகுப்பில் அது கிடையாது. பதிலுக்குத் தொகுப்பில் எறும்புகள் வருகின்றன. சிறுவன் ஆர்தரை மெர்லின் எறும்பாக்கிப் புற்றுக்குள் அனுப்புகிறார். அங்கே நல்லது கெட்டது என்ற சொற்களே இல்லை. 'ஆயிற்று', 'ஆகவில்லை', அவ்வளவுதான். உலகப்போர் நடந்த நாட்களில் ஒயிட் எழுதிய பகுதி அது. சின்னப் பிள்ளைகள் கதைக்குள் அப்படி ஒரு பயம்.

கே: பிடிஎஃப் இருக்கா?

இல்லை.

கே: ஆர்தர் கல்லிலிருந்து உருவிய வாள்தானே எக்ஸ்காலிபர்?

மேலரி என்ற ஆங்கிலேயர் எழுதி, 1485-ல் காக்ஸ்டன் அச்சிட்ட ஆர்தர் கதைப்படி, கல்லிலிருந்து எடுத்த வாள் பெல்லினோர் மன்னனோடு நடந்த சண்டையில் உடைந்துபோகிறது. அதன்பிறகு ஏரிக்குள்ளிருந்து நீண்ட கையில் கிடைப்பதுதான் எக்ஸ்காலிபர். ஆனால் மேலரியே ஓரிடத்தில் முதல் வாளையும் அதே பெயரால் எழுதித் தொலைத்திருக்கிறார். 1981-ல் வந்த 'எக்ஸ்காலிபர்' படமோ இரண்டையும் ஒரே வாளாக்கிவிட்டது. எனக்குப் பிடித்த இடம் வேறு. வாள் பிடித்திருக்கிறதா, உறை பிடித்திருக்கிறதா என்று மெர்லின் கேட்கிறார். வாள்தான் என்கிறார் ஆர்தர். அசடு! அந்த உறை இடுப்பில் இருந்தால் எவ்வளவு காயம் பட்டாலும் ரத்தம் போகாது, பத்து வாளுக்குச் சமம். கடைசியில் ஆர்தரின் சகோதரி மோர்கன் அதைத் திருடி ஏரியில் எறிகிறாள்.

கே: பெர்னார்ட் கார்ன்வெல் தன் ஆர்தர் நாவல்களில் மாவீரன் லான்ஸ்லாட்டைக் கோழையாக்கிவிட்டாரே, மூலத்துக்குச் செய்த துரோகம் இல்லையா?

எந்த மூலம்? 1130-களில் ஜெஃப்ரி என்ற பாதிரியார் லத்தீனில் எழுதிய ஆர்தர் கதையில் லான்ஸ்லாட் என்ற ஆளே இல்லை. ஆர்தரின் வீரர்கள் கூடி உட்காரும் வட்ட மேசையும் இல்லை, அது 1155-ல் வாஸ் என்ற கவிஞர் கொண்டுவந்து போட்டது. லான்ஸ்லாட்டுக்கும் ஆர்தரின் ராணிக்கும் காதல் என்பது அதற்கும் பிறகு, பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியனின் கைவண்ணம். ஆளாளுக்குச் சேர்த்த கதை இது.

கே: அப்போது யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாமா?

மாற்றட்டும். ஆனால் கதைக்குள் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். கார்ன்வெல்லின் 'தி விண்டர் கிங்' (1995) வரிசையில் அது இருக்கிறது. ஆர்தர் கதையை எழுதிச் சொல்லும் டெர்ஃபல், ஒரு காலத்தில் ஆர்தரின் போர்வீரர், இப்போது கிழட்டுத் துறவி. பிஷப் சான்சமுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, டெர்ஃபல் சாக்சன் மொழியில் சுவிசேஷம் எழுதுகிறார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். எழுதச் சொன்ன ராணி இக்ரைனுக்கோ பாடல்களில் கேட்ட அழகான லான்ஸ்லாட்தான் வேண்டும். அந்தப் பாடல்கள் பாணர்களுக்குக் காசு கொடுத்துப் பாடவைத்தவை என்கிறார் டெர்ஃபல்.

கே: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். டெர்ஃபல் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

அப்படிக் கேளுங்கள்! லான்ஸ்லாட்டுக்கு நிச்சயம் செய்ய ஏற்பாடான கெய்ன்வின், நிச்சய விருந்திலேயே எழுந்து டெர்ஃபலிடம் வந்துவிடுகிறாள். அவளோடு வாழ்ந்த மனிதன் லான்ஸ்லாட்டுக்கு நற்சான்றிதழா தருவான்? பகை அதோடு நிற்கவில்லை, மீதியைச் சொன்னால் படிக்காதவர்கள் அடிக்க வருவார்கள். நான் டெர்ஃபலை முக்கால்வாசிதான் நம்புகிறேன்.

கே: மோர்கன் வில்லிதானே? 'தி மிஸ்ட்ஸ் ஆஃப் அவலான்' ஏன் அவளை நல்லவளாக்குகிறது?

1983 நாவலின் கண்டுபிடிப்பு இல்லை அது. ஜெஃப்ரியின் மெர்லின் காவியத்திலேயே அவள் ஆப்பிள் தீவின் ஒன்பது சகோதரிகளுக்குத் தலைவி, மருத்துவச்சி. வில்லியானது பிற்பாடு.

கே: ஒரே புத்தகத்தில் முடிகிற மாதிரி?

இஷிகுரோவின் 'தி பரீட் ஜயன்ட்' (2015). ஆர்தரின் வீரர்களில் ஒருவரான கவைன் வயதானவராக வருவார்.

கே: அக்கா, பிடிஎஃப்?

நூலகம்.

கே: ஆர்தர் உண்மையிலேயே இருந்தாரா?

மேலே, முதல் வரி.

கே: டெர்ஃபல் விஷயம்: எழுதியதை இக்ரைன் தன் பங்குக்கு மாற்றியிருந்தால்?

அந்தச் சந்தேகம் டெர்ஃபலுக்கே உண்டு. மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இதை முடித்துவிட்டு வருகிறேன்.