முருகேசனை யார் செய்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘சந்திரமுகி’யை இன்று திரும்ப எடுத்தால் வடிவேலு செய்த முருகேசனை யார் செய்வது என்று நண்பர்களுக்குள் ஒரு வாரமாகச் சண்டை. பாதிப் பேர் யோகி பாபு என்கிறார்கள். மீதிப் பேர் வடிவேலுவைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்கிறார்கள். பேய்ப்பட ரீமேக்கில் காமெடியனை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அதற்கு முன்னால் ஹீரோ எப்போது வருகிறார் என்று பாருங்கள். மலையாள மூலப்படமான ‘மணிச்சித்ரதாழ்’ (1993) வெகுதூரம் ஓடிய பிறகுதான் மோகன்லால் உள்ளே வருகிறார். அதுவரை அந்த வீட்டைத் தாங்குவது இன்னசென்ட், நெடுமுடி வேணு, கே.பி.ஏ.சி. லலிதா போன்றவர்கள். தரையெல்லாம் தண்ணீர் என்று நம்பித் தாண்டித் தாண்டி நடக்கும் குதிரவட்டம் பப்புவுக்குச் சில காட்சிகளே போதும். சுமை யார் தலையிலும் மொத்தமாக இல்லை.

2005-ல் பி. வாசு தமிழில் எடுத்தபோது ரஜினி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார். நிரப்ப வேண்டிய இடமே இல்லை. அதனால் பலரிடம் சிதறியிருந்த சிரிப்பு ஒருவரிடம் திரண்டது. முருகேசன் ரஜினிக்கு ஜோடியானார். இந்தி ‘பூல் புலையா’வில் (2007) அக்ஷய் குமார் தாமதமாகவே வருகிறார். அங்கே பரேஷ் ராவல், அஸ்ரானி, ராஜ்பால் யாதவ் என்று மறுபடி கூட்டம். (கன்னட ‘ஆப்தமித்ரா’வில் தயாரிப்பாளர் துவாரகீஷே காமெடியன். சண்டைக்கே இடமில்லை.)

அடுத்தது, படத்தில் யார் பயப்படுகிறார் என்பது. ‘காஞ்சனா’வில் (2011) ஹீரோவே தொடைநடுங்கி. பயம் வந்தால் அம்மாவாக வரும் கோவை சரளாவின் இடுப்பில் ஏறிக்கொள்வார். அவர் திட்டிக்கொண்டே சுமப்பார். இந்தி ‘லக்ஷ்மி’யில் (2020) ஹீரோ பேயை நம்பாதவர் ஆகிவிட்டார். பயம் இடம் மாறியதும் சரளாவின் வேடத்துக்கு இருந்த பிடிமானமும் போனது. அங்கே எவ்வளவு நல்ல நடிகையைப் போட்டாலும் கத்தத்தான் முடியும்.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். யோகி பாபுவின் பலம் முகத்தை அசைக்காமல் போடும் கவுன்ட்டர். முருகேசனுக்கு வேண்டியது உடம்பால் பயப்படுகிறவர். வடிவேலுவிடம் கண் முதலில் திரும்பும், கழுத்து பிறகுதான். குரல் அதற்குள் உள்ளே போயிருக்கும். வசனத்தை மியூட் செய்து பார்த்தாலும் சிரிப்பு வரும், அதுதான் சோதனை. சிரிப்பைப் பங்கிட்டு எழுதினால் அந்த நான்கைந்து பேரில் ஒருவராக யோகி பாபு பிரமாதமாக இருப்பார். வடிவேலுவே வேண்டும் என்பவர்கள் ‘சந்திரமுகி 2’ (2023) பார்க்கட்டும். அதே ஆள், அதே முருகேசன். எதிரே ரஜினி இல்லை, லாரன்ஸ். பழைய தாளம் கூடிவரவே இல்லை.

ஆளைச் சரியாகப் பிடித்தாலும் கால்ஷீட் கெடுத்துவிடும். நான்கு நாள்தான் கிடைக்கும் என்றால் காமெடியனின் குளோசப்பை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். அவர் பார்த்துப் பயப்பட வேண்டிய கதவு திறப்பது வேறொரு நாள், வேறு லைட்டிங். எடிட்டில் ஒட்டும்போது அவர் பார்வை கதவுக்கு ஒரு சாண் மேலே நிற்கும். பிறகு பின்னணி இசையைக் கூட்டி மூடப் பார்ப்பார்கள். கதவும் அவர் முகமும் ஒரே ஃபிரேமில் இருக்கும் ஷாட் ஒன்றாவது வேண்டும். காமெடியன், கதவைத் திறந்து வருபவர் இரண்டு பேருடைய தேதியும் ஒரே இரவில் கிடைக்காவிட்டால் தேதி கிடைக்கிற வேறு ஆளைப் போடுவதே மேல்.