கத்தரி நாற்றுக்கு நோயில்லை, உரச்சூடு

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் மாடியில் ஏழு லிட்டர் மண் பிடிக்கும் 14 பைகளில் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். நாற்றைப் பிடுங்கி நட்டு 12 நாள் ஆகிறது. வளர்ச்சி மந்தமாகத் தெரிந்ததால் பைக்கு ஒரு டீஸ்பூன் யூரியா, ஒரு டீஸ்பூன் டிஏபி போட்டேன். நாலாம் நாளிலிருந்து இலை ஓரம் கருகுகிறது, மதியத்தில் செடி துவண்டு விடுகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரைத் தினமும் ஊற்றுகிறேன். கடையில் கேட்டதற்குச் சாம்பல் சத்துக் குறை என்று பொட்டாஷ் கொடுத்தார்கள். போடலாமா?

பதில்: தம்பி, அந்தப் பொட்டாஷ் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். சாம்பல் சத்து குறைந்தாலும் அடி இலையின் ஓரம் கருகும், அதனால் கடைக்காரர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது மெதுவாக, வாரக்கணக்கில் வரும். உரம் போட்ட நாலாம் நாளே எல்லாப் பையிலும் ஒன்றுபோல வந்தால் அது உரச்சூடுதான், அதாவது உரம் அதிகமாகி வேர் வெந்துபோவது.

கணக்கைப் பாருங்கள். டீஸ்பூன் யூரியா சுமார் 4, 5 கிராம், அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். டிஏபியில் 18 சதவீதம். இரண்டும் சேர்ந்து பைக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் தழைச்சத்து போயிருக்கிறது. வயலில் வீரிய ஒட்டு அல்லாத சாதா ரகக் கத்தரிக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து சொல்வார்கள், இரண்டடிக்கு இரண்டடி நட்டால் செடிக்கு மூன்றரை கிராம்தான் வரும், அதையும் பாதி அடியுரமாக, மீதி ஒரு மாதம் கழித்து. ஒரு முழு வெள்ளாமைக்கான சாப்பாட்டை ஏழு லிட்டர் மண்ணுக்குள் ஒரே நாளில், இன்னும் வேர் பிடிக்காத பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறீர்கள். மண் நீரில் உப்பு கூடினால் வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, ரொம்பக் கூடினால் வேரிலிருந்தே தண்ணீர் வெளியே போகும். ஈர மண்ணில் செடி தாகத்தில் நிற்கிறது. போதாததற்கு யூரியாவும் டிஏபியும் கரையும்போது வரும் அம்மோனியா இளம் வேர் நுனியைச் சுடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு பையின் மேல்மண்ணை விரலால் கிளறுங்கள். வெள்ளையாகப் பூத்த உப்பும், பாதி கரைந்த டிஏபி குருணையும் கண்ணில் படும். ஓரத்தில் ஒரு வேரை மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய நுனி டீத்தூள் நிறத்தில் இருக்கும். கத்தரி என்பதால் வாடல் நோயையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அதில் இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று தொங்கும், தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டால் பால்போல இழை இறங்கும். அது வந்தால் செடியோடு மண்ணையும் அப்புறப்படுத்த வேண்டியதுதான். அப்புறம் உங்களுக்குக் கடல் பக்கம். உப்புக் காற்றாலும் இலை ஓரம் கருகும், ஆனால் கிழக்கே பார்த்த இலைகளில்தான் அதிகம் தெரியும்.

சரி, வைத்தியம். முதலில் கண்ணுக்குத் தெரியும் குருணைகளோடு மேல்மண் ஒரு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பையின் அடி ஓட்டைகள் அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறங்கள், இது செய்யாமல் தண்ணீர் ஊற்றினால் செடி அழுகும். பிறகு காலையில், நல்ல தண்ணீராக, பைக்கு 15 லிட்டர், அதாவது மண்ணின் அளவைப்போல இரண்டு மடங்கு. ஒரே மூச்சில் கவிழ்க்காமல் நாலு தவணையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருபது நிமிஷம் விட்டு, பூவாளியில் ஊற்றுங்கள். முதலில் கடுங்காப்பி நிறத்தில் வடியும், போகப் போகத் தெளியும். வடிந்த தண்ணீர் தட்டில் தேங்கக் கூடாது. வீட்டுக் கீழே தென்னை இருந்தால் அதன் தூரில் ஊற்றலாம், அது தாங்கும். யூரியா தண்ணீரோடு சுலபமாக வெளியேறிவிடும், டிஏபியின் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் அந்த ஆர்.ஓ. கழிவு நீர். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, அதைத் தினமும் பைக்குள் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். வளர்ச்சி மந்தமானதற்கே அது காரணமாக இருக்கலாம், நீங்கள் பசி என்று நினைத்து உரத்தைக் கொட்டிவிட்டீர்கள். கடலோர போர் தண்ணீரும் உப்பாக இருக்க வாய்ப்புண்டு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1000-க்கு மேல் காட்டினால் நாற்றைக் கழுவ அது வேண்டாம். குழாய்த் தண்ணீர் போதும். மழை வந்தால் பைகளைத் திறந்த வெளிக்குத் தள்ளி நனையவிடுங்கள், அதைவிட நல்ல கழுவல் கிடையாது.

கழுவிய பிறகு மூன்று, நாலு நாள் பச்சை நிழல்வலையின் கீழே வையுங்கள். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். கருகிய ஓரம் திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம், கொழுந்தைப் பாருங்கள். பத்து நாளில் புதுக் குருத்து சுத்தமாக வந்தால் பிழைத்தது. வராமல் அடித்தண்டு கறுத்திருந்தால் அந்தப் பை போனதுதான், மண்ணை மாற்றி வேறு நாற்று வையுங்கள்.

மூன்று வாரத்துக்கு எதுவும் போடாதீர்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம், மோர், எதுவும் வேண்டாம், அவையும் சாப்பாடுதான். நானும் ஒரு தடவை மக்காத கோழி எருவைப் போட்டு ஒரு தட்டு மிளகாய் நாற்றை இரண்டே நாளில் சுட்டிருக்கிறேன், இயற்கை உரம் சுடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன்பின் லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள கரையும் உரம்), பத்து நாளைக்கு ஒரு முறை, ஈர மண்ணில் ஊற்றுங்கள். அல்லது நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு கைப்பிடி, மாதம் ஒரு தடவை.

கழிவு நீரைக் கொட்ட மனசில்லாவிட்டால் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.