கடன் அடைக்கும் ஏழாவது மாதம்: கேள்வி பதில்

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நஷ்டத்தில் மூடிய ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட், அப்பாவின் ஆபரேஷன், அப்புறம் கடனைக் கட்ட வாங்கிய கடன் என்று ஒன்பது இடத்தில் 11,43,000 ரூபாய் நின்றது. பெர்சனல் லோன் 4,20,000, இரண்டு கிரெடிட் கார்டில் 2,75,000, நகைக்கடன் 1,60,000, மூணு வட்டிக்கு (நூறுக்கு மாதம் மூன்று ரூபாய்) வாங்கியது 1,50,000, மச்சானிடம் கைமாற்று ஒரு லட்சம், மூன்று மொபைல் ஆப்களில் 38,000. அடைத்து முடிக்க நான்கு வருடம் இரண்டு மாதம் ஆனது. நான் நிதி ஆலோசகர் இல்லை. நடுவில் விட்டுவிடாமல் இருந்தது எப்படி என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் கொஞ்சம் சொல்ல முடியும்.

கேள்வி: ஆறு இடத்தில் கடன். வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதா, சின்னதை முதலில் அடைப்பதா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: கணக்குப்படி, வட்டி அதிகமானதுதான் முதலில். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நான் ஆப் கடன்களில் ஆரம்பித்தேன். மூன்றும் சேர்த்தே 38,000-தான், நான்கு மாதத்தில் தீர்ந்துவிட்டது. ஒன்பது என்பது ஆறு ஆனது. மாதத்தில் மூன்று தேதிகளை நினைத்துப் பயப்படுவது நின்றது. அந்த நிம்மதியில்தான் அடுத்த ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

இது என் மனசு மட்டும் சொல்வதில்லை. அமெரிக்காவில் டேவிட் கேல், பிளேக் மெக்‌ஷேன் என்ற இருவர் கடன் தீர்ப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் கணக்குகளை ஆராய்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கணக்காக மூடிக்கொண்டே வந்தவர்கள் கடைசிவரை போய்ச் சேரும் வாய்ப்பு அதிகமாக இருந்திருக்கிறது.

ஆனால் சின்னது முடிந்ததும் நேராகக் கார்டுக்குப் போய்விடுங்கள். ஒரு லட்சம் பாக்கி, மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 3,500. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 630. மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது என்று 5,000 கட்டினால் அசலில் கழிவது 870 ரூபாய். நான் இரண்டு வருடம் மினிமம் மட்டுமே கட்டிக்கொண்டு, 'ஒழுங்காகக் கட்டுகிற ஆள்' என்று என்னைப் பற்றியே பெருமைப்பட்டவன். கணக்கு எழுதுவது தொழில் வேறு.

கேள்வி: முதல் மூன்று மாதம் வெறியோடு கட்டினேன். டீக்கடைகூடப் போகவில்லை. இப்போது ஏழாவது மாதம். எதுவுமே குறையாத மாதிரி இருக்கிறது, விட்டுவிடலாம் போலிருக்கிறது.

பதில்: எனக்கும் ஏழாவது எட்டாவது மாதத்தில்தான் அது வந்தது. சின்னக் கடன்கள் போய்விடும், பெரியது அப்படியே நிற்கும். எதுவும் குறையாத மாதிரி இருக்கிறது என்கிறீர்களே, அதில் பாதி உண்மை. என் பெர்சனல் லோன் 16 சதவீத வட்டி, ஐந்து வருடம், தவணை 10,214 ரூபாய். முதல் தவணையில் 5,600 வட்டிக்கே போனது. ஒரு வருடம் முழுக்கக் கட்டியது ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரத்துக்கு மேல், அசலில் குறைந்ததோ 60,000-கூட இல்லை. முதல் வருடம் அப்படித்தான் இருக்கும். பின்னால் போகப் போக அதே தவணையில் அசலின் பங்கு கூடிக்கொண்டே வரும். வங்கியிடம் தவணை அட்டவணை கேட்டு வாங்குங்கள். எந்த மாதத்தில் பாதி அசல் தாண்டுகிறது என்று பார்த்து அந்தத் தேதியை வட்டமிடுங்கள்.

அந்த வட்டமிட்ட தேதி வரைக்கும் எனக்கு உதவியது கட்டத்தாள். 1,143 கட்டம், கட்டத்துக்கு ஆயிரம் ரூபாய். அசல் ஆயிரம் குறைந்தால் ஒரு கட்டம் நிறம். அப்போது மூன்றாம் வகுப்பு படித்த மகளிடம் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தேன். என்ன கணக்கு என்று அவளுக்குத் தெரியாது, ஆனால் மாதம் ஐந்தாம் தேதி ஆனால் 'இந்த மாசம் எத்தனை கட்டம்ப்பா?' என்று வந்து நிற்பாள். பதினெட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான்கு என்று சொல்வது எனக்கு வங்கி மேலாளரைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. சுவரில் ஒட்டினால் வருகிறவர்கள் கேட்பார்கள் என்று பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தோம்.

அப்புறம், டீயை நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் டீ குடிக்காமல் இருந்தவர் நான்காவது மாதம் பிரியாணிக் கடையில் 1,800 ரூபாய் பில் கட்டுவார். நான் கட்டியிருக்கிறேன். எங்களுக்கு மாதம் 600 ரூபாய் 'கேள்வி கேட்காத காசு' என்று தனியாக இருந்தது.

கேள்வி: மனைவிக்குத் தெரியாது. மொத்தம் ஆறு லட்சம். பாதி அடைத்துவிட்டுச் சொல்லலாம் என்று இருக்கிறேன். சரிதானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. பாதி அடைத்துவிட்டு என்று நானும் பதினோரு மாதம் தள்ளினேன், அந்தப் பதினோரு மாதத்தில் கடன் கூடியது. மறைப்பதற்கே செலவு ஆகும். போன மாதம் போலவே வீட்டுச் செலவுக்குப் பணம் தர வேண்டும், தீபாவளிக்கு அதே மாதிரி துணி எடுக்க வேண்டும். அதற்கு இன்னொரு கார்டு தேய்ப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் தூங்கிய பிறகு சொன்னேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு தாளில் ஒன்பதையும் எழுதிக் கையில் கொடுத்தேன். நகைக்கடன் அவளுக்குத் தெரியும், மற்ற எட்டும் தெரியாது. படித்துவிட்டு, 'இவ்வளவுதானா, இன்னும் இருக்கா?' என்று மட்டும் கேட்டாள். பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவளே அந்தத் தாளை எடுத்து வந்து, மூன்று பவுன் சங்கிலியை மீட்டு விற்றுவிடலாம், வட்டி கட்டிக்கொண்டே இருப்பதற்கு அதுவே மேல் என்றாள். வீட்டிலிருந்தே தைக்க ஆரம்பித்தாள். என் சம்பளம் 34,000, ஞாயிறுகளில் இரண்டு யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதி 7,000, அவள் தையலில் ஏறக்குறைய 9,000 என்று மாதம் 50,000 வந்தது. தனியாக இருந்திருந்தால் நான் இன்னும் மினிமம் டியூதான் கட்டிக்கொண்டிருப்பேன்.

சொல்லும்போது முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள். ஒன்றை மறைத்து வைத்து ஆறு மாதம் கழித்து அது வெளியே வந்தால், முதலில் சொன்னதும் வீண்.

கேள்வி: பேராவூரணிப் பக்கம். ஆடி வந்தால் மொய் விருந்து. எழுதாமல் இருக்க முடியாது. கடன் கட்டுவேனா, மொய் எழுதுவேனா?

பதில்: எங்கள் கொங்குப் பக்கம், விருந்து வைத்து மொய்ப் பணம் வாங்கும் இந்த வழக்கம் உங்கள் தஞ்சாவூர், புதுக்கோட்டை அளவுக்கு இல்லை. ஆனாலும் எனக்குப் படுவது இது: நீங்கள் விருந்து வைத்து வாங்கிய மொய் கடன்தான், வட்டி இல்லாத கடன். மொய் நோட்டை எடுத்து, இந்த வருடம் யார் யாருக்குத் திருப்பி எழுத வேண்டும் என்று பட்டியல் போட்டு மற்றக் கடன்களோடு சேர்த்துவிடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து எடுத்து வைத்தால் ஆடியில் வட்டிக்காரரிடம் ஓட வேண்டாம். வாங்கியதைத் திருப்புங்கள், அதற்கு மேல் ஏற்றி எழுதுவதை இரண்டு வருடம் நிறுத்தி வையுங்கள். கடன் அடைப்பதற்காகவே நீங்கள் ஒரு விருந்து வைக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். வைத்தால் கடன் தீராது, கடன் தந்த ஆள்தான் மாறும்.

கேள்வி: எனக்கு வாரச் சம்பளம். மாதத் திட்டம் எதுவும் ஒத்துவருவதில்லை.

பதில்: திருப்பூர்க்காரரா? நான்கு சனிக்கிழமைச் சம்பளத்தில் மாதத்தை ஓட்டப் பழகுங்கள். வருடத்தில் நான்கைந்து மாதங்களில் ஐந்தாவது சனிக்கிழமை வரும். அந்தச் சம்பளம் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது, அப்படியே கடனுக்கு. தீபாவளி போனஸிலும் கால் பங்கு பண்டிகைக்கு, முக்கால் பங்கு கடனுக்கு என்று பண்டிகைக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். போனஸ் கைக்கு வந்த அன்று எடுக்கும் முடிவு எதுவும் நல்ல முடிவாக இருந்ததில்லை.

கேள்வி: ஏலச்சீட்டை எடுத்துக் கார்டை அடைக்கலாமா?

பதில்: பதிவு பெற்ற சீட்டு, ஏலத்தில் தள்ளும் (விட்டுக்கொடுக்கும்) தொகை குறைவு என்றால் யோசிக்கலாம். ஆனால் சீட்டை எடுத்த அன்றிலிருந்து அதுவும் கடன், கடைசி மாதம் வரை கட்ட வேண்டும். கார்டு காலியாகிவிட்டது என்று மறுபடி தேய்த்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். நகையை வைத்துக் கார்டை அடைப்பதற்கும் இதே பதில்தான். நான் செய்தபோது கார்டை அன்றே கத்தரித்தேன்.

கேள்வி: 40 சதவீதம் தள்ளுபடி, மீதியை ஒரே தடவையாகக் கட்டினால் முடித்துவிடுவதாக வங்கியில் சொல்கிறார்கள். ஆசையாக இருக்கிறது.

பதில்: வேறு வழியே இல்லாதவருக்கு அது ஒரு கதவு. ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். மாதம் கொஞ்சமாவது கட்ட முடிகிறது என்றால், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். தள்ளுபடிதான் முடிவு என்றால், அதற்கான வங்கிக் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

கேள்வி: போன் அடித்தாலே கை நடுங்குகிறது. வசூல் ஆட்கள் அக்கா வீட்டுக்கெல்லாம் கூப்பிடுகிறார்கள். சில ராத்திரி இருக்கவே பிடிக்கவில்லை.

பதில்: கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கே ஒருவரிடம் இதைச் சொல்லுங்கள், அக்காவிடமே சொல்லலாம். அவருக்குத்தான் ஏற்கெனவே போன் வந்துவிட்டதே. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இப்போதே உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112. கடன் விஷயம் அதற்கு அப்புறம்.

வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக்கூடாது, உறவினர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகவே உத்தரவு போட்டிருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் கடன் தந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448. தனியார் வட்டிக்காரர் மிரட்டினால் போலீஸ்தான். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது.

நான் செய்த ஒரு சின்ன வேலை: தினமும் மாலை 5 மணிக்கு நானே கூப்பிட்டுப் பேசுவேன். 'இந்த மாதம் 3,000-தான் முடியும், 12-ஆம் தேதி கட்டுகிறேன்.' மற்ற நேரம் போனை எடுக்க மாட்டேன். நாமாகக் கூப்பிடும்போது கை நடுங்குவதில்லை, ஏன் என்று தெரியாது.

கேள்வி: ஒன்பது மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு, போன வாரம் நோ காஸ்ட் ஈஎம்ஐயில் போன் வாங்கிவிட்டேன். திட்டாதீர்கள்.

பதில்: திட்டவில்லை. கடன் பட்டியலில் இன்னொரு வரியாக அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்பது மாதத்தைக் கிழித்துப் போட வேண்டாம். நான் இரண்டாம் வருடம் ஒரு மிக்ஸி, மூன்றாம் வருடம் குலதெய்வம் கோயில் செலவு என்று இரண்டு தடவை சறுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கடன் இருக்கும்போது சேமிப்பும் வேண்டுமா?

பதில்: 15,000 மட்டும். வண்டி நின்றாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலோ அதிலிருந்து எடுப்பது, அடுத்த மாதம் நிரப்புவது. அது இல்லாமல் இருந்த காலத்தில்தான் மூணு வட்டிக்குப் போனேன். 22 மாதம் 4,500 வீதம் 99,000 வட்டி கட்டியும் ஒன்றரை லட்சம் அப்படியே நின்றது.

கேள்வி: கடைசிக் கடன் முடிந்த அன்று எப்படி இருந்தது?

பதில்: கடைசியில் நின்றது மச்சானின் கைமாற்று. வட்டியில்லாதது என்பதால் கடைசியில் தள்ளியிருந்தேன், அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கவரில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணாமல் மேசை டிராயரில் போட்டுவிட்டு, 'சாப்பிட்டுட்டுப் போங்க' என்றார். அன்று இரவு மகள் கடைசிக் கட்டங்களுக்கு நிறம் போட்டாள். அதற்குள் ஏழாம் வகுப்பு, கணக்கும் தெரிந்திருந்தது.

வங்கிக் கடன் முடித்தவர்கள், பாக்கி இல்லை என்று வங்கி தரும் தடையின்மைச் சான்றிதழ் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், வருடம் ஒரு தடவை இலவசம். முடிந்துவிட்டது என்று நான் நினைத்த ஒரு கார்டில் ஆண்டுக் கட்டணம் என்று 590 ரூபாய் நின்றிருந்தது. மறுபடி ஒரு நாள் லீவு போட்டுப் போய் அதையும் கட்டி, கடிதம் வாங்கி வந்தேன். அதுவும் அதே பீரோவில்தான் இருக்கிறது.