லீக்கை எதிர்த்து கிளப் எந்தக் கதவைத் தட்டலாம்?

கேள்வி: நாங்கள் 38 பேர் சேர்ந்து இங்கிலாந்தின் எவர்ட்டன் காற்பந்து கிளப்பின் ஆட்டங்களைப் பார்க்கிறோம். பாதிப் பேர் சிங்கப்பூரர்கள், மற்றவர்கள் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும். நட்ட வரம்பைத் தாண்டியதற்காக 2023-24 பருவத்தில் பிரிமியர் லீக் எங்கள் கிளப்பிடம் மொத்தம் 8 புள்ளிகளைப் பறித்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது 2026-27 பருவத்திலிருந்து புதுச் செலவு விதி. கிளப் வழக்குப் போட்டு லாசானில் உள்ள விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும் என்கிறார்கள் சிலர். மற்ற கிளப்களைச் சேர்த்துக்கொண்டு உள்ளே இருந்தே மாற்ற வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு மூன்று பேர் லீக்கை விட்டே வெளியேறச் சொல்கிறார்கள். கிளப்புக்கு ஒரு கடிதம் எழுத முடிவு செய்தோம், எதைக் கேட்பது என்று மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் சண்டை. அப்புறம் இன்னொன்று: லிவர்பூலில் ரசிகர்கள் தூக்கிக் காட்டியதுபோல 'ஊழல்' அட்டையோடு தேக்கா பக்கம் நின்று படம் எடுத்துப் போடலாமா? (ஈசூன் வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் சண்டை மூன்று வாரம் இழுப்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. எல்லோரும் கோபமாக இருக்கிறீர்கள், ஆனால் ஒரே விஷயத்தின் மேல் இல்லை. ஒருவருக்குத் தண்டனை அதிகம் என்ற கோபம். அடுத்தவருக்கு விதியே தப்பு. இன்னொருவருக்கு, விதியை எழுதுகிறவர்களும் குற்றம் சாட்டுகிறவர்களும் ஒரே வீட்டுக்காரர்களாக இருப்பது பிடிக்கவில்லை. மூன்றுக்கும் கதவு வேறு வேறு. எந்தக் கதவு என்று முடிவு செய்யாமல் கடிதம் எழுதினால், படித்த கிளப் அதிகாரி நன்றி சொல்லிக் கோப்பில் வைத்துவிடுவார்.

தண்டனையில் தொடங்குவோம். உங்கள் கிளப்பின் வழக்கையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரசிகர்களில் பலர் அதைத் தலைப்புச் செய்தியாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரை நட்டம் காட்டலாம் என்பது அப்போதைய விதி. எவர்ட்டன் 12.45 கோடி காட்டியது. 2023 நவம்பர் 17ஆம் தேதி தனி ஆணையம் 10 புள்ளிகளைக் கழித்தது. கிளப் மேல்முறையீடு செய்தது. அங்கே 'நாங்கள் வரம்பைத் தாண்டவில்லை' என்று அது வாதாடவே இல்லை. தண்டனையின் அளவை மட்டும் எதிர்த்து ஒன்பது காரணங்களை வைத்தது. ஏழு தள்ளுபடியாயின. இரண்டு நின்றன. புதிய மைதானத்துக்கான கடனைப் பற்றி கிளப் உண்மையாக நடந்துகொள்ளவில்லை என்று ஆணையம் சொன்னது தவறு என்பது ஒன்று. இதே மாதிரி மீறலுக்குக் கீழ்ப்பிரிவுகளை நடத்தும் இஎஃப்எல் வைத்திருக்கும் அளவுகோலை ஆணையம் கணக்கில் எடுக்காமல் விட்டது தவறு என்பது மற்றது. 2024 பிப்ரவரி 26ஆம் தேதி 10 புள்ளி 6 ஆனது. திவாலாகி வேறு நிர்வாகியின் கைக்குப் போகும் கிளப்புக்கே லீக் விதிப்படி 9 புள்ளிதான் கழியும் என்பதை நினைத்துப் பாருங்கள், அந்த 10 எவ்வளவு பெரிய அடி என்பது புரியும். ஏப்ரலில் அடுத்த கணக்கு ஆண்டுக்காக இன்னொரு 2. ஆக 8.

நான்கு புள்ளிகளை மீட்டுக் கொடுத்தது ஆவேசம் இல்லை. தோற்கப்போகும் வாதத்தை ஒதுக்கிவிட்டு, எங்கே பிடி இருக்கிறதோ அங்கே பிடித்ததுதான் பலன் தந்தது. லெஸ்டர் 2024 செப்டம்பரில் வென்றதும் இப்படித்தான். அதன் மேலும் நட்ட வரம்பு வழக்குதான். கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதால் 2023 ஜூன் 13ஆம் தேதி லெஸ்டர் தன் பிரிமியர் லீக் பங்கை ஒப்படைத்துவிட்டது, கணக்கு ஆண்டு முடிந்ததோ ஜூன் 30. அந்தத் தேதியில் அது லீக்கின் கிளப்பே இல்லை, ஆகவே அந்த வழக்கில் லீக்குக்கு அதிகாரமில்லை என்று மேல்முறையீட்டுக் குழு சொல்லிவிட்டது. பதினேழு நாள் இடைவெளியும் விதியில் இருந்த வாசகமும் சேர்ந்து ஒரு வழக்கையே முடித்தன.

லாசான் பேச்சை விட்டுவிடச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்கு ஐரோப்பியக் காற்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் தண்டனைகள் போகும். மான்செஸ்டர் சிட்டி 2020 ஜூலையில் தன் இரண்டு ஆண்டுத் தடையை நீக்கிக்கொண்டது அங்கேதான். பிரிமியர் லீக்கின் ஒழுங்கு வழக்குகள் லீக்கின் சொந்தத் தீர்ப்பாயங்களுக்குள்ளேயே முடிகின்றன. இருபது கிளப்களும் அந்த விதிகளை ஏற்றுக்கொண்டுதான் லீக்கில் விளையாடுகின்றன.

தீர்ப்பாயத்தில் வென்றாலும் பறிபோன பருவம் திரும்பாது என்பதையும் உங்கள் இளைஞர்களிடம் சொல்ல வேண்டும். 2007இல் ஷெஃபீல்ட் யுனைட்டட் 38 புள்ளிகளோடு கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. டெவெஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்த்த விவகாரத்தில் விதியை மீறிய வெஸ்ட் ஹாமுக்கு 55 லட்சம் பவுண்டு அபராதம், புள்ளிக் கழிவு இல்லை. ஷெஃபீல்ட் லீக்கை எதிர்த்துத் தோற்றது, அப்புறம் வெஸ்ட் ஹாமை எதிர்த்துத் தனியாகப் போய் வென்றது. 2009இல் இரு தரப்பும் பணத்தில் சமரசம் செய்துகொண்டன. ஷெஃபீல்ட் மறுபடி மேல் பிரிவில் விளையாடியது 2019இல்.

சரி, விதியே தப்பு என்பவர்களுக்கு வருவோம். உரிமையாளரோடு தொடர்புள்ள நிறுவனங்களின் விளம்பர ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்தும் விதியை சிட்டி எதிர்த்தது. 2024 அக்டோபரில் தீர்ப்பாயம் அந்த விதியின் சில பகுதிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்றது. பங்குதாரர் தரும் கடன்களை அந்த விதியில் சேர்க்காமல் விட்டது முக்கியமான குறை. பெரிய வெற்றிதான். லீக் என்ன செய்தது? நவம்பரில் திருத்தம் கொண்டுவந்தது, 16 கிளப்கள் ஆதரித்தன, 4 எதிர்த்தன, திருத்தம் நிறைவேறியது. 2025 பிப்ரவரியில் பழைய விதிகள் செல்லாது என்றும் தீர்ப்பு வந்தது. செப்டம்பரில் சிட்டியும் லீக்கும் சமரசமாகி, இருக்கும் விதி செல்லும் என்று சிட்டி ஏற்றுக்கொண்டது.

இந்த வழக்கைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பணத்துக்குப் பஞ்சமில்லாத கிளப், முதல்தர வழக்கறிஞர்கள், கையில் வெற்றித் தீர்ப்பு. அத்தனையும் இருந்தும் அடுத்த விதியை எழுதியது 16 கைகள்தான். தீர்ப்பாயம் நேற்று இருந்த விதியைத் தட்டிக் கேட்கும், நாளைய விதியை ஓட்டுதான் எழுதும். அதனால் உங்கள் கடிதத்தின் எடை முழுவதும் ஓட்டின் மேல் விழ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லீக்கின் கட்டமைப்பு இதற்கு இடம் கொடுக்கிறது. இருபது கிளப்களும் லீக்கின் பங்குதாரர்கள். எவர்ட்டனுக்கு ஒரு ஓட்டு, சிட்டிக்கும் ஒரு ஓட்டு. விதியை மாற்ற 14 ஓட்டு வேண்டும். நீங்கள் குறிப்பிடும் புதுச் செலவு விதி, அணிக்கான செலவை வருமானத்தில் 85 விழுக்காட்டுக்குள் வைக்கச் சொல்வது, 2025 நவம்பரில் 14க்கு 6 என்று நிறைவேறியது. ஒரே ஒரு கிளப் மறுபக்கம் போயிருந்தால் அது விழுந்திருக்கும். உங்கள் 38 பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எவர்ட்டன் அன்று எந்தப் பக்கம் நின்றது, ஏன் நின்றது என்பதை கிளப் தன் ரசிகர்களுக்கு வாய் திறந்து சொல்லட்டும். கடிதத்தின் முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

மூன்றாவது கோபத்துக்கு, அதாவது எழுதுகிறவரும் தண்டிக்கிறவரும் ஒன்றாக இருப்பதற்கு, இங்கிலாந்து ஓரளவு பதில் சொல்லியிருக்கிறது. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பெரிய கிளப்கள் தனியாக நடத்த நினைத்த சூப்பர் லீக்கின் அறிவிப்பு வந்து, ரசிகர்கள் தெருவில் இறங்கி, இரண்டே நாளில் ஆறு ஆங்கிலேய கிளப்களும் பின்வாங்கியது நினைவிருக்கும். அதற்குப் பின் நடந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் காற்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது, சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பும் உருவானது. கிளப்களின் பண நிலை, உரிமையாளரின் தகுதி, ரசிகர்களைக் கலந்து பேசுவது ஆகியவை அதன் பொறுப்பு. புள்ளிக் கழிவு அதன் வேலையில்லை. அதனால் 8 புள்ளிகளைப் பற்றி அங்கே புகார் அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

லீக்கை விட்டு வெளியேறச் சொல்பவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. 1994 டிசம்பர் 17ஆம் தேதி ஷா ஆலமில் பாகாங்கை 4-0 என்று வென்று சிங்கப்பூர் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அபாஸ் சாத் மூன்று கோல். லீக் பட்டமும் அதே ஆண்டு நம்முடையது. எங்கள் வீவக வீட்டில் அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே முழு ஆட்டத்தையும் பார்த்தார். கீழ்த்தளத்தில் யாரோ பாத்திரத்தைத் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதன் பிறகு நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கிடுவதில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு தகராறு முற்றி, நாம் அந்தப் போட்டிகளை விட்டு வெளியே வந்தோம். 1996இல் நம் சொந்த லீக்கான எஸ்-லீக் பிறந்தது. நம் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்றே அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கல்லாங் மைதானத்துக்கு வாராவாரம் போன அவருடைய கால்கள் எஸ்-லீக் ஆட்டங்களுக்கு அப்படிப் போகவில்லை.

2012இல் லயன்ஸ் டுவெல்வ் என்ற பெயரில் திரும்பிப் போனோம். வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் 2013இல் மலேசிய சூப்பர் லீக்கையே வென்றோம். 2015 இறுதியில் மலேசியச் சங்கம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான், முடிந்தது. விருந்தாளியாகப் போன இடத்தில் நமக்கு ஓட்டு இல்லை. வெளியே வா என்று கிளப்பிடம் சொல்வதற்கு முன்னால், அந்த ஓட்டு கையைவிட்டுப் போகும் என்பதை அந்த இரண்டு மூன்று பேரும் யோசிக்கட்டும்.

இனி கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கிளப்பின் பொது மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பாமல், ரசிகர் ஆலோசனைக் குழுவுக்கும் அனுப்புங்கள். ரசிகர்களோடு பேச ஒவ்வொரு கிளப்பும் அப்படி ஒரு குழுவும், அதற்குப் பொறுப்பாக இயக்குநர் மட்டத்தில் ஒருவரும் வைத்திருக்க வேண்டும் என்று லீக்கே 2023-24 பருவத்திலிருந்து கேட்கிறது. செலவு விதி ஓட்டைப் பற்றிய கேள்விக்கு அடுத்து, ஒரே ஒரு கோரிக்கையை வையுங்கள். நான் எழுதினால் இப்படிக் கேட்பேன்: எந்த மீறலுக்கு எத்தனை புள்ளி கழியும், வழக்கை எத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதை விதியிலேயே எழுத கிளப் தீர்மானம் கொண்டுவருமா, அதற்கு 14 ஓட்டுத் திரட்ட முயலுமா? உங்கள் முதல் வழக்கு, குற்றச்சாட்டிலிருந்து மேல்முறையீடு வரை, ஓராண்டுக்குள் முடிந்தது. பண விதிகளை மீறியதாக சிட்டியின் மேல் 2023 பிப்ரவரியில் வைத்த குற்றச்சாட்டுகளின் விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆனது. இந்த இரண்டு தேதிகளையும் அப்படியே எழுதுங்கள், அடைமொழி எதுவும் தேவையில்லை. கால வரம்பு கேட்பதால் இன்னொரு லாபமும் உண்டு, வேறு கிளப்களின் ரசிகர்களும் கையெழுத்துப் போடுவார்கள். காப்பிக் கடையில் பக்கத்து மேசையில் உட்காரும் நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் ரசிகரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் 2024 மார்ச்சில் 4 புள்ளி போனது.

தேக்கா படம் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் வேலை அனுமதியில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பொது இடத்தில் ஒரு கோரிக்கைக்காக அட்டை பிடிப்பது, ஒரே ஒருவர் நின்றாலும், பொது ஒழுங்குச் சட்டப்படி போலிஸ் அனுமதி தேவைப்படும் செயல். வெளிநாட்டுக் காற்பந்து பற்றித்தானே என்று விட்டுவிட மாட்டார்கள். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கத்தில் சிங்கப்பூரர்கள் பதிவு செய்துகொண்டு நடத்தலாம், நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம், மற்ற வெளிநாட்டினர் கூடாது. ஊரில் குடும்பம் காத்திருக்கும் ஒரு தம்பியின் வேலை, ஒரு படத்துக்காக ஆபத்தில் சிக்கக் கூடாது. அந்த அட்டையில் உள்ள 'ஊழல்' என்ற சொல்லும் கடிதத்தில் வேண்டாம். பணம் வாங்கினார்கள் என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றுமில்லை, இங்கே அவதூறு என்பது உரிமையியல் வழக்காகவும் வரும், குற்றவியல் வழக்காகவும் வரும். முதலில் கொடுத்த 10 புள்ளித் தண்டனை அளவுக்கு மீறியது என்று எழுதுங்கள், மேல்முறையீட்டுக் குழுவே அதை 6 ஆகக் குறைத்திருக்கிறது.

சேர்ந்து ஆட்டம் பார்க்கும் நண்பர்களாக இருக்கும்வரை சிக்கலில்லை. கடிதத்தில் சங்கத்தின் பெயர், செயலாளர், மாதச் சந்தா என்றெல்லாம் வந்துவிட்டால், 10 பேரோ அதற்கு மேலோ உள்ள மன்றத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது சங்கங்கள் சட்டம். முதலில் பதிவு செய்துவிட்டு அப்புறம் அந்தப் பெயரில் எழுதுங்கள். அதுவரை 38 பேரும் தனித்தனிக் கையெழுத்தாகப் போடலாம். சட்டச் செலவுக்கு நிதி திரட்டும் யோசனை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வெள்ளியில் ஓட வேண்டிய நிலையில் கிளப் இல்லை, பொதுமக்களிடம் வசூல் செய்ய இங்கே தனி அனுமதியும் வேண்டும்.

லீக்கின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஜூன் தொடக்கத்தில் நடக்கும். விதித் திருத்தங்களை கிளப்கள் அதற்கு முன்பே தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் கடிதம் ஏப்ரலுக்குள் ஆலோசனைக் குழுவின் கையில் இருக்கட்டும்.