எட்டு நாள், எட்டு ஊர், ஒரு பஸ்: இதற்காக எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வயது 64, மனைவிக்கு 60. பென்ஷன் 42,000 ரூபாய். வீட்டுச் செலவு 30,000-க்குள் அடங்கிவிடும். வருகிற ஜூன் மாதம் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். நவம்பர் முதல் வாரம் திரும்புவோம். அமெரிக்க விசாவும் விமான டிக்கெட்டும் தயார். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சனி, ஞாயிறு தவிர லீவு கிடைக்காது. அதனால் பஸ்ஸில் கைடோடு ஊர் சுற்றலாம் என்று நினைக்கிறோம்: நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன், நயாகரா, டொரண்டோ, மாண்ட்ரியல், கியூபெக், பாஸ்டன். இங்குள்ள டிராவல்ஸ்காரர் தமிழ் பேசும் மேனேஜர், சைவச் சாப்பாடு, டிக்கெட், டிப்ஸ் எல்லாம் சேர்த்து 10 நாளுக்குத் தலைக்கு 2.60 லட்சம், வரி தனி என்கிறார். விமானம் இதில் இல்லை. மகள் இணையத்தில் பார்த்த அங்குள்ள ஒரு நிறுவனம் இதே ஊர்களுக்கு 8 நாள், தலைக்கு 1,090 டாலர்தான். அதே நிறுவனத்தில் நயாகரா, டொரண்டோ, மாண்ட்ரியல், கியூபெக், பாஸ்டன் மட்டும் 5 நாள், 690 டாலர். எது லாபம்? வங்கியில் 6 லட்சம் எஃப்டி இருக்கிறது. 3 ஆண்டு, 7.25 சதவீதம், நவம்பர் கடைசியில் முதிர்கிறது. அதை உடைக்கலாமா, அல்லது வங்கி தருவதாகச் சொல்லும் 13 சதவீத டிராவல் லோனை எடுக்கலாமா? மனைவிக்குச் சர்க்கரை உண்டு. மகளிடம் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: ஐயா, டிராவல் லோனை முதலில் ஓரம் கட்டிவிடுவோம். 6 லட்சத்தை 7.25-க்கு வங்கியில் போட்டுவிட்டு அதே வங்கியிடம் 13-க்குக் கடன் வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

இப்போது பஸ். 2.60 லட்சத்தையும் 1,090 டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும், டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 2,180 டாலர், அதாவது 1,96,200 ரூபாய். டிராவல்ஸ்காரரிடம் 5.20 லட்சம். மூன்று லட்சத்துக்கு மேல் மிச்சம் என்று தோன்றும். அவ்வளவு மிச்சம் ஆகாது. அங்கு ஓடும் மலிவு விலை பஸ் டூர்களில் நோட்டீஸில் போடுவது பஸ்ஸுக்கும் ஹோட்டல் அறைக்குமான விலை மட்டும். என் அத்தை இப்படி ஒரு டூர் போயிருந்தார். இரண்டாம் நாள் காலையில் கைடு ஒரு தாளை நீட்டி, படகு இவ்வளவு, கோபுரம் இவ்வளவு, அருங்காட்சியகம் இவ்வளவு, ரொக்கமாகக் கொடுங்கள் என்றாராம். அத்தை கையில் வைத்திருந்த டாலர் அன்றே பாதியாகிவிட்டது. கைடு ஏமாற்றவில்லை; எல்லாம் நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

அந்தப் பொடி எழுத்தைக் கூட்டிப் பார்ப்போம். கைடு, டிரைவருக்கான சர்வீஸ் சார்ஜ்: பெயர்தான் டிப்ஸ், கொடுக்காமல் இருக்க முடியாது. தலைக்கு நாளுக்கு 15 டாலர் வைத்தால் 240. நுழைவுச்சீட்டுகள் இருவருக்கும் 500. சாப்பாடு, தலைக்கு நாளுக்கு 45 வீதம் 720. சாப்பாட்டில் கஞ்சத்தனமாகக் கணக்குப் போடாதீர்கள். அங்கே மெனுவில் இருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. நியூயார்க்கில் ஏறக்குறைய 9 சதவீதம், டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் 13, கியூபெக்கில் 15-ஐத் தொடும். உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கு மேல் டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம். ஆக மொத்தம் 3,640 டாலர், 3,27,600 ரூபாய்.

அப்புறம் கனடா விசா. டொரண்டோ, மாண்ட்ரியல், கியூபெக் மூன்றும் கனடாவில் இருக்கின்றன. அமெரிக்க விசா இருந்தால் கனடாவுக்குள் விட்டுவிடுவார்கள் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். விட மாட்டார்கள், கிரீன் கார்டு இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. ஒருவருக்கு விசா கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. இருவருக்கும் சேர்த்துச் சுமார் 24,000 ரூபாய். இதையும் போட்டால் மகள் பார்த்த டூரின் உண்மையான விலை மூன்றரை லட்சம்.

டிராவல்ஸ்காரரின் கணக்கிலும் சில செலவுகள் விட்டுப்போயிருக்கின்றன. 5.20 லட்சத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 26,000. கனடா விசா அதே 24,000. மொத்தம் 5.70 லட்சம். இது போக டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 5, 20 சதவீதம் என்று இருந்ததை 2026 பட்ஜெட்டில் 2 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள், ஆகவே 11,000 ரூபாய் அளவுக்குத்தான் வரும். இது செலவல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். உங்கள் பென்ஷனுக்கு வரி வராது என்று தாக்கல் செய்யாமல் விட்டால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கும்.

ஆக வித்தியாசம் 2.18 லட்சம். ஆனால் அவர் தருவது 10 நாள் ஆயிற்றே என்பீர்கள். இந்த மாதிரி பேக்கேஜ்களில் முதல் நாள் நியூயார்க் விமான நிலையத்தில் வரவேற்று ஹோட்டலில் ஓய்வு, பத்தாம் நாள் காலை உணவுக்குப் பின் விமான நிலையத்தில் விடுதல் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பயணத் திட்டத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். மகள் வீட்டில் இருக்கிற உங்களுக்கு அந்த இரண்டு நாளும் எதற்கு? அதே எட்டு நாளுக்குத்தான் இரண்டு லட்சம் அதிகம் கொடுக்கிறீர்கள். தமிழும் சாம்பார் சாதமும்தான் அந்த இரண்டு லட்சம். முதல்முறை விமானம் ஏறி, அங்கே யாரும் இல்லாத தம்பதிக்கு நான் அதைப் பரிந்துரைத்திருப்பேன். உங்களுக்கு வேண்டாம்.

என் யோசனை மூன்றாவது வழி, அந்த 5 நாள் டூர். எடிசன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். நியூயார்க்கின் பென் ஸ்டேஷனுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நியூ ஜெர்சி டிரான்சிட்டில் 62 வயது ஆனவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. ரயில்வேக்காரருக்கு நான் ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிலடெல்ஃபியா காரில் நூறு கிலோமீட்டர்தான், சனிக்கிழமை காலையில் போய் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். அங்கே அமெரிக்கச் சுதந்திரத்தின் சின்னமான லிபர்ட்டி பெல் மணியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. வாஷிங்டனுக்கு ஒரு ராத்திரி தங்கல் போதும். அங்கே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் அத்தனையும் இலவசம், லிங்கன் நினைவகமும் இலவசம். எட்டு நாள் டூரில் இந்த மூன்று ஊருக்காக மூன்று நாள் பணம் கட்டி, எதையும் நின்று பார்க்காமல் ஓடுவீர்கள். ஸ்மித்சோனியனில் ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் மூன்று விமானமும் கழிப்பறையும் பார்க்கலாம்.

5 நாள் டூருக்கு இருவருக்கும் 1,380, சர்வீஸ் சார்ஜ் 150, நுழைவுச்சீட்டு 260, சாப்பாடு 450. மொத்தம் 2,240 டாலர், 2,01,600 ரூபாய். கனடா விசாவோடு 2,25,600. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டனுக்குத் தனியாக 500 டாலர் ஒதுக்குங்கள். எல்லாம் சேர்ந்து 2.70 லட்சத்தில் அதே எட்டு ஊர்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்க மாட்டேன். எடிசன் பக்கத்திலிருந்து நயாகராவே 650 கிலோமீட்டர். டொரண்டோவிலிருந்து மாண்ட்ரியல் 540. கியூபெக்கிலிருந்து பாஸ்டன் 600-க்கு மேல். சராசரி போட்டால் நாளுக்கு 500 கிலோமீட்டர், அதாவது தினமும் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாதி தூரம் திரும்பி வருகிற மாதிரி. சாலை வழுவழுவென்று இருக்கும், பஸ்ஸின் பின்னால் கழிப்பறை இருக்கும். ஆனாலும் பஸ்தான். அமெரிக்காவில் டிரைவர் ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் பஸ் ஓட்டக் கூடாது என்பது சட்டம். அதனால்தான் கைடு எந்த ஊரில் இறங்கினாலும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்கும் இருக்கலாம், இரண்டரைக்கும் இருக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டில் நம் ஊர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சப்பாத்தி, புளியோதரை, கொறிக்க ஏதாவது கையில் இருக்கட்டும். ரைஸ் குக்கர் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் வேண்டாம். அங்கே கரண்ட் 120 வோல்ட். நம் ஊர்க் குக்கரில் தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

நயாகராவில் ஒரு சேமிப்பு. அமெரிக்கக் கரையிலிருந்து மெய்ட் ஆஃப் த மிஸ்ட் படகு; கனடா கரையிலிருந்து வேறொரு படகு. இரண்டும் போய் நிற்பது அதே குதிரை லாட அருவியின் அடியில்தான். கைடின் தாளில் இரண்டும் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். கரையில் நின்று பார்க்க எந்தப் பக்கமும் காசு இல்லை. பார்வைக்குக் கனடா பக்கம்தான் அழகு.

சரி, பணம் எங்கிருந்து? கேள்வியிலேயே நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஜூனிலிருந்து அக்டோபர் வரை உங்கள் பொன்மலை வீட்டில் அடுப்பு எரியாது. பென்ஷன் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். வீட்டு வரி, மின்சாரம், இன்ன பிற என்று 6,000 போனாலும் மாதம் 36,000 நிற்கும். டூரை ஜூலையில் வைக்காமல் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே விடுமுறை முடிந்த பிறகு வையுங்கள். பள்ளிகள் திறந்துவிடும், கூட்டம் குறையும், வெயிலும் இதமாக இருக்கும். அதற்குள் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பென்ஷனில் 1.08 லட்சம் சேர்ந்திருக்கும். குறைவது 1.62 லட்சம்.

அதற்கு எஃப்டியை உடைக்காதீர்கள். எஃப்டி மீது ஓவர்டிராஃப்ட் வாங்குங்கள், அதாவது டெபாசிட்டை ஈடாக வைத்து வேண்டியபோது வேண்டிய அளவு எடுக்கிற கடன். அதன் வட்டி பொதுவாக டெபாசிட் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதல். 8.25 என்று வைத்தால், 1.62 லட்சத்துக்கு இரண்டரை மாதத்துக்கு வட்டி 2,800 ரூபாய்க்குப் பக்கம். எஃப்டி பாட்டுக்கு 7.25 ஈட்டிக்கொண்டே இருக்கும். உடைத்தால், ஒரு சதவீத அபராதம் என்றாலே இரண்டரை வருடத்து வட்டியில் 15,000 போய்விடும். செப்டம்பர், அக்டோபர் பென்ஷனில் 72,000 கட்டிவிட்டால் பாக்கி 90,000. நவம்பரில் டெபாசிட் முதிரும்போது வங்கி அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும். ஓவர்டிராஃப்ட் கையெழுத்தை ஜூனுக்கு முன்பே போட்டுவிடுங்கள், எடிசனிலிருந்து கிளை மேலாளரைப் பிடிப்பது பெரும்பாடு. நவம்பரில் திரும்புவதும் வசதிதான், உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கிற மாதம்.

இன்ஷூரன்ஸை நான் டூர் கணக்கில் சேர்க்கவில்லை, ஐந்து மாதத்துக்கும் அது எப்படியும் வேண்டும். உங்கள் ரயில்வே மருத்துவ அட்டை அங்கே செல்லாது. இங்கே வாங்கினால் 'அமெரிக்கா, கனடா உட்பட' என்று பாலிசியில் இருக்கிறதா பாருங்கள். இவ்விரண்டும் நீங்கலாக ஒரு மலிவான பாலிசி விற்பார்கள், அது உங்களுக்கு உதவாது. அங்கே மகள் வாங்குவதாக இருந்தால், கனடாவில் இருக்கும் நாட்களுக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சர்க்கரையை மறைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய் திடீரென்று முற்றினால் எவ்வளவு வரை தருவார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பிரீமியத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் பார்க்கிற இடம் இது இல்லை.

முதல் வேலை கனடா விசா. ஊரில் இருக்கும்போதே ஆன்லைனில் விண்ணப்பித்து, சென்னையில் விசா விண்ணப்பங்களைக் கையாளும் விஎஃப்எஸ் மையத்தில் கைரேகை கொடுத்துவிடுங்கள். அமெரிக்கா போன பிறகு பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது அவஸ்தை. விசா கையில் வந்த பிறகுதான் டூருக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டும் முன் எத்தனை நாளுக்கு முன்னால் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று கேளுங்கள். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து வருகிற வாய்ப்பு இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். அங்குள்ள சில நிறுவனங்கள் ஒரே அறையில் தங்கினால் இரண்டு பேருக்குப் பணம், மூன்றாவது நான்காவது ஆள் இலவசம் என்று தருகின்றன. நான்கு பேருக்கு ஒரு குளியலறை, காலை ஏழு மணிக்குப் பஸ். யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தக் கூச்சம். டூருக்கு மகளே தன் கார்டில் டாலராகக் கட்டுவதுதான் சிக்கனம். நம் ஊர்க் கிரெடிட் கார்டில் கட்டினால் பெரும்பாலான கார்டுகள் இரண்டு முதல் மூன்றரை சதவீதம் கூடுதல் பிடிக்கும், அதற்கு மேல் ஜிஎஸ்டி. மகளுக்கு இங்கே என்ஆர்ஓ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) இருந்தால் அவள் கட்டிய தொகையை அதில் ரூபாயாகவே போட்டுவிடலாம். பெற்றோர் பிள்ளைக்குத் தரும் அன்பளிப்புக்கு வரி கிடையாது. ஆக நீங்கள் அவளிடம் பணம் கேட்கவில்லை, கார்டை மட்டும்தான் கேட்கிறீர்கள். 'அதெல்லாம் வேண்டாம்ப்பா' என்று அவள் வாங்க மறுத்தால் அது உங்கள் வீட்டுப் பேச்சு. நான் அதில் தலையிடவில்லை.