வாசகர் கேள்வி: ரப்பிமாருக்குச் சோறு போட்டது யார்?

கேள்வி: பவுல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார் என்று அப்போஸ்தலர் 18:3இல் வாசிக்கிறோம். தல்மூத் (யூதச் சட்டமும் அதன் விளக்கமும் அடங்கிய நூல்) காலத்து யூத ஞானிகளும் இப்படித்தானா? இன்றைய ரப்பிமார் (யூத குருமார்) சம்பளம் வாங்குவது எப்படி?
– வாசகி, கல்லாறு

பதில்: பெரும்பாலானோர் உழைத்தே சாப்பிட்டார்கள். சிலருடைய பெயரே தொழிலைச் சொல்லும்: யோகனான் ஹசந்த்லார் என்றால் செருப்புத் தைக்கிற யோகனான். ஹிலேல் நாட்கூலிக்காரர், கூலியில் பாதி வீட்டுக்கு, மீதி படிப்பு மண்டபத்துக்குள் விடும் வாசற்காவலனுக்கு. ரப்பி யோசுவாவிடம் மன்னிப்புக் கேட்கப் போன யூத ஞானிகளின் தலைவர் கமாலியேல், (பவுலின் ஆசிரியரல்ல, அவருடைய பேரன்) கரி படிந்த சுவரைக் கண்டு, "நீர் கரித்தொழிலாளியா?" என்றார். "படித்தவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தெரியாத உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்கு ஐயோ!" என்று பதில் வந்தது.

சம்பள விஷயத்தில் சட்டம் கறாரானது. தீர்ப்புச் சொல்லக் காசு வாங்கினால் அந்தத் தீர்ப்பே செல்லாது என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஆனால் நம்மூரில் சொல்கிற மினக்கேட்டுக்கு, அதாவது சொந்த வேலை கெட்டதற்கு, கூலி உண்டு. வழக்கோடு வருகிறவர்களிடம் ராவ் ஹுனா என்ற ஞானி, "எனக்குப் பதிலாகத் தண்ணீர் இறைக்க ஒரு ஆளைத் தாருங்கள், விசாரிக்கிறேன்" என்பார். நட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் நிபந்தனை. கர்னா என்ற நீதிபதி இரு தரப்பிடமும் காசு வாங்கினார். வைன் கிடங்கில் மணம் பார்த்துச் சொல்லும் அவருடைய வேலை விசாரணையால் கெட்டது எல்லோருக்கும் தெரியும் என்பதால் குற்றமில்லை.

உழைத்துப் பிழைப்பதை எதிர்த்தவரும் உண்டு. உழும்போது உழுது, விதைக்கும்போது விதைத்து, காற்றுக்குத் தூற்றிக்கொண்டிருந்தால் தோராவை (மோசேயின் வேதச் சட்டத்தை) எப்போது படிப்பது என்று கேட்டார் சிமியோன் பார் யோகாய். "உன் தானியத்தைச் சேர்ப்பாய்" என்ற உபாகமம் 11:14ஐக் காட்டி, படிப்போடு வேளாண்மையும் செய் என்றார் இஸ்மவேல். இஸ்மவேல் வழியில் போன பலர் தேறினார்கள், சிமியோன் வழியில் போன பலர் தேறவில்லை என்று அபாயே என்ற பிற்கால ஞானி முடித்துவிட்டார். ராவா என்ற ஞானியோ நிசான், திஷ்ரி மாதங்களில் என் முன்னால் வரவேண்டாம் என்று மாணவரிடமே சொன்னார். ஒன்று அறுவடை, மற்றது திராட்சையும் ஒலிவமும் பிழியும் காலம். வேளாண்மை வெட்டுக்கு வட்டைக்குள் இறங்க வேண்டியவனை வகுப்பில் இருத்தினால் வருஷம் முழுக்க அவனுக்குச் சாப்பாட்டுக் கவலைதானே.

இன்றைய சம்பளத்துக்கும் அந்த மினக்கேட்டுக் கணக்கைத்தான் சாட்டாகச் சொல்வார்கள். இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204) தோராவைக் காட்டிப் பிழைப்பதைக் கடுமையாகச் சாடினார். 16ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் யோசேப் காரோ அவரை மறுத்தார், நடைமுறையும் காரோ பக்கமே போயிற்று. மைமோனிடிஸுக்கே வியாபாரி தம்பி தாவீதின் உழைப்பு கைகொடுத்தது. தாவீது இந்து சமுத்திரத்தில் மூழ்கிப்போன பிறகு வைத்தியம்தான் அவருக்குச் சோறு.